கடலுக்குப் போகும் தண்ணீர்: வெள்ளாற்றுக் கழிமுகத்தில் ஒரு வாரம்

செவ்வாய் இரவு, பரங்கிப்பேட்டை

இந்த வாரம் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் இருக்கப் போகிறேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போட்டுவிடுவதாக எண்ணம். என்னிடம் வேதியியல் படித்த மாணவி ஒருத்தி இப்போது முனைவர் பட்டத்துக்காக மாதாமாதம் இந்த ஆற்றில் தண்ணீர் எடுத்துச் சோதித்து வருகிறாள். முகத்துவாரத்திலிருந்து புவனகிரி வரை குறித்து வைத்த சில இடங்கள், அப்புறம் தெற்கே பிச்சாவரம். வழக்கமாகக் கூட வரும் பையனுக்கு இந்த மாதம் பரீட்சையாம். "சார், நீங்க வர்றீங்களா? குப்பி பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்று கேட்டாள். உடனே கிளம்பிவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போதெல்லாம் இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்துவிட்டது என்று செய்தி வரும். படித்துப் படித்து நாமும் நம்பிவிட்டோம். அது கலக்கிற இடத்தில் என்னதான் நடக்கிறது என்று நின்று பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

வெள்ளாற்றுக்குக் காவிரியைப் போலப் பெரிய பேர் கிடையாது. சேலம் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகின்றன. விருத்தாசலம் வழியாக வரும் மணிமுத்தாறு நடுவில் வந்து சேர்கிறது. தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு என மூன்று அணைக்கட்டுகளைத் தாண்டி மிச்சம் மீதி இருப்பது பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. ஆனால் கடல் உயிரியல் படித்தவர்களிடம் இந்த ஆற்றின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். இந்தியாவில் மிக அதிகமாக ஆராயப்பட்ட கழிமுகங்களில் இது ஒன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா ஊன்றிய விதை. அவர் காலம் தொட்டு எத்தனையோ மாணவர்கள் இந்த ஆற்றின் உப்பையும் சேற்றையும் புழுவையும் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். நூலக அலமாரியில் தடித்தடியாக நிற்கும் அந்த ஆய்வேடுகள்தான் என் கண்ணுக்கு இந்த ஊரின் பெரிய சொத்து. இன்று ஒரு குப்பித் தண்ணீரைச் சோதித்தால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இங்கே வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற ஆற்றுமுகங்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஊர் பழைய துறைமுகம். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் இங்கே பண்டகசாலை வைத்து வியாபாரம் செய்தார்கள். 1781இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் சண்டை நடந்தது இந்த மண்ணில்தான். 1830களில் சேலத்து இரும்புத் தாதுவை உருக்க ஓர் ஆலையே நடந்திருக்கிறது.

சனிக்கிழமை மாசி மகம். பௌர்ணமி நெருங்குவதால் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, நாளுக்கு நாள் பெருகும். நாளை காலை ஐந்தரைக்குப் படகு.

புதன், முகத்துவாரம்

அன்னங்கோவில் இறங்குதளத்தில் ராத்திரி போன படகுகள் திரும்பிக்கொண்டிருந்தபோது நாங்கள் கிளம்பினோம். சின்ன பைபர் படகு. ஓட்டிய அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் மாணவியைப் "பாப்பா" என்கிறார்; எந்த இடத்தில் எந்தக் குப்பி என்பது அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"அஷ்டமி வாக்குல தண்ணி சோம்பிக் கெடக்கும் சார். மகத்துக்கு மூணு நாள்தானே இருக்கு, இப்போ நல்லா ஏறும், நல்லா வத்தும்" என்றார். இந்தக் கரையில் ஓதம் ஏறி இறங்குவது அதிகம் போனால் ஒரு மீட்டர் உயரம்தான். ஆனால் நிலம் அவ்வளவு தட்டை என்பதால் அந்த ஒரு மீட்டரே கடல்நீரைப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே உள்ளே தள்ளிவிடுகிறது. ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். ஆகவே இந்த ஆற்றில் தண்ணீர் எடுப்பவர் எந்த இடம் என்பதோடு ஓதம் எந்த நிலையில் இருந்தது என்றும் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. காலையில் கடலையும் மதியம் ஆற்றையும் அளந்துவிட்டு இரண்டையும் ஒரே பெயரில் எழுதி வைத்த கதையாகிவிடும்.

நீர் நிறைந்து நின்ற நேரத்தில் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் செக்கி தட்டு. கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பாகம் வண்ணம் பூசிய இருபது சென்டிமீட்டர் வட்டத் தகடு, நடுவில் கயிறு. நிழல் பக்கமாக இறக்கிக்கொண்டே போய், கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த கருவி. வானியல் அறிஞர் அவர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதைவிட எளிதாகக் கலங்கலைச் சொல்லும் சாதனம் இல்லை.

அடுத்து உப்பு. ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். ஆயிரத்துக்கு 33, அதாவது ஒரு கிலோ நீரில் 33 கிராம் உப்பு. கிட்டத்தட்டச் சுத்தமான கடல். மாசி மாதத்துக்கு இது எதிர்பார்த்ததுதான். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும்போது இதே இடத்தில் பத்துக்கும் கீழே இறங்கிவிடும், சில நாட்கள் குடிக்கலாம் போல இருக்கும் என்றாள் மாணவி.

பிறகு ஆக்சிஜன். இப்போதெல்லாம் தண்ணீரில் நுனியை விட்டாலே எண்ணைக் காட்டும் மின்கருவிகள் உண்டு. அவளிடமும் ஒன்று இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு குப்பியையாவது விங்க்லர் முறையில் சோதித்துக் கருவியைச் சரிபார்க்கிறாள். லாயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரியர் 1888இல் கண்டுபிடித்தது. வகுப்பறையில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிய சமன்பாடு, ஆடும் படகில் கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கையில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

குப்பியை நீருக்குள்ளேயே நிரப்பி, ஒரு குமிழி கூட இல்லாமல் மூட வேண்டும். பிறகு திறந்து மாங்கனீசு சல்பேட் ஒரு மில்லி, காரத்தில் கரைத்த அயோடைடு ஒரு மில்லி, இரண்டையும் குழாய் நுனி நீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டினாள். குப்பிக்குள் கருப்பட்டிப் பாகு போலப் பழுப்பு திரண்டு, மெதுவாக அடியில் படிந்தது. தண்ணீரிலிருந்த ஆக்சிஜன் முழுவதும் அந்தப் பழுப்பில் சிக்கிக்கொண்டது. ஆக்சிஜனே இல்லாத நீராக இருந்தால் படிவு வெள்ளையாகவே நின்றுவிடும். பார்க்கவே வயிற்றைக் கலக்கும் வெள்ளை அது என்றாள். கரைக்கு வந்து அமிலம் விட்டதும் பழுப்பு கரைந்து தெளிந்த மஞ்சளானது. பியூரெட்டிலிருந்து தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக விழ, மஞ்சள் வெளுத்தது. ஸ்டார்ச் விட்டதும் முழுக்க நீலம். இன்னும் சில சொட்டு. ஒரே சொட்டில் நீலம் காணாமல் போயிற்று. கணக்குப் போட்டால் லிட்டருக்கு ஆறு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆறு என்பது நல்லதா, கெட்டதா? இதற்கு ஒரே பதில் கிடையாது. முப்பது டிகிரி வெப்பத்தில் நன்னீர் ஏழரை மில்லிகிராம் வரை ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீர் ஆறேகால்தான் தாங்கும். உப்பும் சூடும் ஏற ஏறத் தண்ணீருக்குக் காற்றைப் பிடித்து வைக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். அப்படிப் பார்த்தால் முகத்துவாரத்தில் இன்றைக்கு இருந்தது கிட்டத்தட்ட நிறைந்த அளவு. அதே ஆறு மில்லிகிராம் புவனகிரியில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

படகண்ணனுக்கு வேறு கவலை. வாய் குறுகிக்கொண்டு வருகிறது என்கிறார். மழைக்காலத்து வெள்ளம் மணலை வெளியே தள்ளும், மற்ற மாதங்களில் கடல் அதை உள்ளே கொண்டுவந்து கொட்டும். ஆறு தள்ளுவது குறைந்தால் கடல் கொட்டியதுதான் மிஞ்சும். "நீவாடு (நீரோட்டம்) முன்ன மாதிரி இல்ல. ஆத்துல தண்ணி வந்தாத்தானே வாய் தொறக்கும்?" என்றார். அவர் பேச்சில் வந்தது படகு போக வர வழி. என் மனதில் ஓடியது ஆற்றுநீர். இரண்டும் ஒன்றேதான் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

வியாழன், வாய்க்காலும் மேலாறும்

நேற்றுச் சீக்கிரம் படுத்தது நல்லதாயிற்று. நாலரைக்கு எழுந்து, டார்ச் வெளிச்சத்தில் ஒரு பக்க வாய்க்காலுக்குப் போனோம். இரண்டு கரையிலும் இறால் குட்டைகள். எங்கே, யாருடையது என்று எழுதப் போவதில்லை. இந்தக் கடற்கரை நெடுக இப்படி நிறைய இருக்கின்றன.

விடியலுக்கு முன்னால் ஏன் போக வேண்டும்? பகலில் வெயில் இருக்கும் வரை நீரிலுள்ள பாசி ஆக்சிஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இருட்டியதும் அதே பாசி மற்ற எல்லா உயிர்களோடும் சேர்ந்து ஆக்சிஜனை உண்ண ஆரம்பிக்கும். இரவு முழுக்கச் செலவு, வரவே இல்லை. ஆகவே கணக்கில் மிகக் குறைவான நேரம் சூரியன் வருவதற்குச் சற்று முன்பு. மீன்கள் வாயை மேலே நீட்டிக் கொப்பளிப்பதும் அந்த நேரத்தில்தான்.

ஓதம் இன்னும் இந்த வாய்க்காலுக்குள் ஏறி வரவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. விங்க்லர் குப்பியில் படிந்தது வெளிறிய பழுப்பு. இரண்டு மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டியது. இரண்டுக்குக் கீழே போனால் நடமாட முடிந்த மீன் ஓடிவிடும், ஓட முடியாத மட்டியும் புழுவும் சாகும்.

அதே இடத்துக்கு மதியம் ஒரு மணிக்கு மறுபடி போனோம். எட்டு! காலையில் இரண்டு, மதியம் எட்டு. பகலில் மட்டும் வந்து கருவியை விட்டுப் பார்த்தவர் இந்த வாய்க்கால் அருமையாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். தண்ணீர் தாங்கக்கூடிய அளவையும் தாண்டிய அந்த எட்டுதான் நோயின் அடையாளம். பச்சைப் பசேல் என்று பாசி மண்டியிருக்கிறது. அதற்குத் தீனி, குட்டையிலிருந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும். அறுவடை முடிந்து குட்டையை வடிக்கும்போது அடியிலிருக்கும் கருஞ்சேறும் மிஞ்சிய தீவனமும் இறாலின் கழிவும் இங்கேதான் வருகின்றன. அலுவலக நேரத்தில் எடுக்கும் அளவு ஒன்றை மட்டும் வைத்து ஓர் ஆற்றுமுகத்துக்கு நலச் சான்றிதழ் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

இறால் வளர்ப்பவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 1990களில் கட்டுப்பாடில்லாமல் குட்டைகள் பெருகியபோது காந்தியவாதி எஸ். ஜெகநாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996இல் குட்டைகளுக்குக் கடிவாளம் போடும் தீர்ப்பு வந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று சட்டமும் ஆணையமும் வந்தன. 2009க்குப் பிறகு வனாமி இறால் நாடு முழுக்கப் பரவியது. குட்டைக்காரர்கள் பலர் கடன் வாங்கித் தொழில் செய்பவர்கள். வெளியே விடும் அதே வாய்க்காலிலிருந்துதான் உள்ளேயும் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒரு குட்டையில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் பக்கத்துக் குட்டைக்கும் ராத்தூக்கம் போயிற்று. கழிவுநீரைத் தேக்கி, தெளியவைத்து வெளியே விட ஒரு குட்டையை ஒதுக்குவது அவர்களுக்கே நல்லது. ஒதுக்கிய குட்டையில் வருமானம் இல்லை என்பதால் அது நடப்பதில்லை.

பிற்பகல் பைக்கில் மேலே போனோம். புவனகிரிப் பாலத்தடியில் வாளி இறக்கி எடுத்த நீரில் உப்பு ஆயிரத்துக்கு 6. மழைக்காலம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கடல் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது. ஆற்றங்கரையில் வெள்ளரி போட்டிருந்த ஒரு பெரியவர், சித்திரையில் ஆற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் என்றார்.

அங்கிருந்து சேத்தியாத்தோப்பு. இங்கேதான் எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. அணைக்கட்டின் மேல் பக்கம் தண்ணீர் நிற்கிறது. கீழ்ப் பக்கம் மணலும் நாணலும், நடுவில் ஒரு சின்ன ஓட்டம். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு நீர் வருகிறது. சோழர் காலத்து ஏரி. முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பெயரால் வந்த ஏரி. அதன் உபரி வெள்ளாற்றுக்கு வரும். 2004லிருந்து வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. டெல்டாவின் கடைமடைக்குப் பாசனம் வேண்டும், சென்னைக்குக் குடிநீர் வேண்டும். இரண்டையும் நான் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. ஆனால் பங்கு பிரிக்கும் மேசையில் கழிமுகத்துக்கு நாற்காலி இல்லை. வெள்ளம் வந்து எல்லா மதகும் நிரம்பி வழியும்போது மட்டும் அதற்குத் தண்ணீர். அதையும் வீண் என்கிறோம்.

வீணில்லை என்பதற்கு வெள்ளை இறால் ஒன்றே சாட்சி. அது முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சு ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, உப்புக் குறைந்த, தீனி நிறைந்த, பெரிய மீன்கள் எளிதில் நுழைய முடியாத சேற்றோரத்தில் வளர்ந்து, சில மாதத்தில் கடலுக்குத் திரும்புகிறது. மடவையும் கொடுவாவும் இப்படித்தான் வந்து போகின்றன. ஆழ்கடலில் வலை வீசுபவர் பிடிக்கும் இறாலில் இந்த ஆற்றின் மழைநீர் இருக்கிறது. ஆற்றுநீர் வராத வருடத்தில் முகத்துவாரம் வெறும் கடலின் ஒரு மூலையாகிவிடும், தொட்டில் போய்விடும்.

வெள்ளி, பிச்சாவரம்

சுற்றுலாப் படகுகள் கிளம்பும் முன்பே துடுப்புப் படகில் உள்ளே போய்விட்டோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் ஆயிரத்து நூறு ஹெக்டேர் அலையாத்திக் காடு, நூற்றுக்கணக்கான ஓடைகள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் பெரிதும் தப்பியதும், மறைப்பில்லாமல் மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் துடைத்தெறியப்பட்டதும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்காதது.

காட்டில் அதிகம் இருப்பது வெண்கண்டல். ஓர் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புப் பொரிந்திருந்தது. வேர் வழியே ஏறிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம் இது. மிகுந்த உப்பையும் தாங்கும். சுரபுன்னை அவ்வளவு தாங்காது. ஓடையோரம், தண்ணீர் வந்து போகும் இடமாகப் பார்த்து நிற்கிறது. தில்லை இன்னும் மேட்டில். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகுக்காரர் எங்களைத் தொடவிடவில்லை. கொள்ளிடத்தில் வரும் நன்னீர் குறையக் குறைய, உப்புக்கு ஈடுகொடுக்கும் வெண்கண்டலே எங்கும் பரவி, மற்றவை ஒதுங்குகின்றன. மேலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் தெரியும். எந்த மரத்தின் பச்சை என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சேறு எடுக்கும் வேலை இன்று. ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் முழங்கை ஆழம் அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் மூடி உருவினால் சேறு அப்படியே நெட்டுக்குத்தாக வருகிறது. மேலே ஒரு விரற்கடை பழுப்பு, அதற்குக் கீழே மை போலக் கறுப்பு. பழுப்பு வரைதான் ஆக்சிஜன் இறங்குகிறது. கறுப்பில் கந்தக வாடை. அலையாத்திச் சேறு இயற்கையாகவே நாறும், அதற்காகப் பயப்பட வேண்டாம். பழுப்பு அடுக்கு மெலிந்துகொண்டே வந்து, கறுப்பு மேலே தொட்டால் பயப்பட வேண்டும். நேற்றைய வாய்க்காலில் எடுத்தபோது பழுப்பு தாள் கனம்கூட இல்லை.

சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசினால் உயிர்கள் மிஞ்சும். இன்றைக்குப் பலவிதப் புழுக்கள், சின்ன மட்டிகள், ஒரு குட்டி நண்டு. புழுவிலேயே கேபிடெல்லா என்று ஒரு வகை. அழுக்கு மிகுந்து மற்றவை சாகும் இடத்தில் அது மட்டும் கொழிக்கும். சல்லடையில் பல வகை இருந்தால் நிம்மதி. ஒரே வகை ஆயிரம் இருந்தால் கெட்ட செய்தி. தண்ணீர் அந்த நேரத்து நிலையைச் சொல்லும். எங்கும் ஓட முடியாத புழு பல மாதக் கதையைச் சொல்லும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து 1990களிலிருந்து மீட்டெடுத்த பகுதியையும் பார்த்தோம். பழைய காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு வெட்டியிருக்கிறார்கள். மரம் போன தரை வெயிலில் காய்ந்து, அமுங்கி, தொட்டியாகக் குழிந்துவிட்டது. ஏறிய கடல்நீர் அதில் தேங்கி, ஆவியாகி, உப்பாக இறுகியது. அங்கே எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காது. அவர்கள் செய்தது, முதலில் வாய்க்கால் வெட்டியது. நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள். மீன்முள் வாய்க்கால் என்கிறார்கள். ஓதம் ஏறி இறங்க வழி கிடைத்ததும் உப்பு கழுவிப் போயிற்று, நட்ட கன்றும் பிழைத்தது. இன்று அங்கே தலைக்கு மேல் நிழல். வருடாவருடம் வனவிழாவில் ஆயிரக்கணக்கில் கன்று நட்டுப் புகைப்படம் எடுப்பவர்கள் இங்கே ஒருமுறை வந்து போகலாம். தண்ணீர் வந்து போக வழி செய்தால் மரம் தானே வரும்.

மதியம் வற்றத்தில் இருளர் பெண்கள் இறங்கினார்கள். கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலை அமுக்கிப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் ஓலைப்பறியில் போடுகிறார்கள். மணிக்கணக்கில் இதே வேலை. கரையேறிய ஒரு ஆயாவிடம் மாணவி பேச்சுக் கொடுத்தாள். மாதாமாதம் பார்ப்பதால் இருவருக்கும் பழக்கம்.

"இந்த வருஷம் எப்படி ஆயா?"

"முந்தி தை முடியறவரைக்கும் தண்ணி சப்புன்னு இருக்கும் கண்ணு. இப்போ பொங்கலுக்கே கரிக்குது. கரிச்சா எறா ஒதுங்கிடும்."

நாள் முழுக்க வாய் தண்ணீரோரம் இருப்பவருக்கு உப்பு தெரியாமல் இருக்குமா? மாணவி தன் நோட்டில் தேதி போட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மூன்று வருடமாக அவர் சொல்வதையும் தன் கருவி சொல்வதையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதி வருகிறாளாம். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது அந்த நோட்டுதான்.

சனி, கிள்ளை

மகம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருகிறார். வழியில் தைக்காலில் இஸ்லாமியர்கள் மரியாதை செய்து வரவேற்பது பழைய வழக்கம். கூட்டம் தாங்கவில்லை. முகத்துவாரத்தில் கடைசிச் சோதனையைக் காலையிலேயே முடித்துக்கொண்டோம். பௌர்ணமி ஓதம், உப்பு 34.

மதியம் அறையில் உட்கார்ந்து அவளுடைய பழைய எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். மூன்று வருடம் என்பது ஓர் ஆற்றுக்குக் கொஞ்சம்தான். அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறாள், அது சரியும்கூட. அவளுக்கு இப்போது தேவை, மழை நின்றபின் உப்பு எந்த வாரத்தில் எந்த ஊர் வரை ஏறுகிறது என்ற கணக்கு. அது கையில் இருந்தால், தை முதல் பங்குனி வரை சேத்தியாத்தோப்பிலிருந்து எவ்வளவு விட்டால் கழிமுகம் பிழைக்கும் என்று நீர்வளத்துறையிடம் போய்ப் பேச ஓர் எண் இருக்கும். மாதம் ஒருமுறை வருவதால் அது கிடைக்காது. வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

புவனகிரியில் எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மாலையில் அவர் வீட்டுக்குப் போய் என்னுடைய ரிஃப்ராக்டோமீட்டரைக் கொடுத்து, பாலத்தடியில் வாளி இறக்கி எப்படிப் பார்ப்பது என்று காட்டிவிட்டு வந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் திங்கள்தோறும் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஓதம் ஏறும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். வெள்ளாற்றங்கரையில் இன்னும் கீழே, பி.முட்லூர் பக்கம் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். இன்னொரு கருவி வாங்கி அனுப்புகிறேன்.